குடில் விளக்குக்கு அடாப்டர் வாங்கும்போது

டிசம்பர் பிறந்தால் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் முதல் குளச்சல் வரை தெருவுக்குத் தெரு கிறிஸ்துமஸ் குடில் எழும்பும். வைக்கோல், காய்ந்த புல், நடுவே உண்மையான தண்ணீர் விட்ட சின்னக் குளம், இத்தனைக்கும் ஊடே எல்.இ.டி. ஸ்டிரிப் லைட். வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் அந்த நேரத்தில்தான். வயரிங் வேலை செய்யும் என்னிடம் இளைஞர்கள் வழக்கமாகக் கேட்பது இதுதான்: "12 வோல்ட்தானே அண்ணா, தொட்டால் என்ன?"

ஒன்றும் ஆகாது, அந்த 12 வோல்ட் முறையாகப் பிரித்தெடுக்கப்பட்டதாக இருந்தால். நல்ல அடாப்டருக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். வீட்டு மின்சாரம் ஒரு சுருளோடு நின்றுவிடும். அடுத்த சுருளுக்குக் காந்தப்புலத்தின் வழியாகத்தான் ஆற்றல் போகும், கம்பித் தொடர்பு கிடையாது. மலிவான சில பெட்டிகளில் டிரான்ஸ்பார்மரே இருக்காது. ஒரு கெப்பாசிட்டரும் நான்கு டையோடும் மட்டும் இருக்கும். வெளியே வரும் இரண்டு வயருக்கும் இடையில் வோல்ட் மீட்டர் வைத்தால் 12 தான் காட்டும். ஆனால் அதில் ஒரு வயருக்கும் தரைக்கும் இடையே 230 வோல்ட் வரை இருக்கக்கூடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை தொடுவது அந்த 230-ஐத்தான். சீரியல் செட்டும் இப்படித்தான்: ஒவ்வொரு பல்புக்கும் சில வோல்ட்தான் என்றாலும், சரம் முழுவதும் நேரடி வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது. குடிலுக்குள் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

கடையில் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இரட்டை மின்காப்பைக் (டபுள் இன்சுலேஷன்) குறிக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரையோடு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். சிறிய குடிலுக்குப் புதிதாக வாங்கவே தேவையில்லை. பழைய ரவுட்டரின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர், மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் ஸ்டிரிப்பை இரண்டு மீட்டருக்குத் தாராளமாகத் தாங்கும்.

பெரிய குடில் என்றால், வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும், ஓட்டை போட்ட தகரப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். வாங்குகிறார்கள். அதன் ஓரத்தில் பேஸ், நியூட்ரல் திருகுகள் விரல் படும்படி இருக்கும். எர்த் கொடுக்காமல் விட்டால் பெட்டியைத் தொடும்போது சுருக்கென்று இழுக்கும். உள்ளே இருக்கும் பில்டர் கெப்பாசிட்டர்களால் தகரத்தில் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி ஏறி நிற்பதே காரணம். டேப் சுற்றிச் சமாளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மூன்று பின் பிளக் போட்டு, பச்சை வயரை எர்த் திருகில் இறுக்கி, வைக்கோல் படாத இடத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

அளவும் முக்கியம். மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் ஸ்டிரிப் ஐந்து மீட்டர் என்றால் 72 வாட், அதாவது 6 ஆம்பியர். பெட்டியின் திறனில் எண்பது சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றாமலிருக்க 90 வாட்டாவது தேவை. 10 ஆம்பியர் பெட்டி வாங்கலாம். ஆனால் 10 ஆம்பியர் தரக்கூடிய பெட்டியிலிருந்து மெல்லிய வயர் இழுத்து, அது எங்காவது ஷார்ட் ஆனால், பெட்டி அணைவதற்கு முன்பே வயர் உருகிவிடலாம். ஷாக் அடிக்காத 12 வோல்ட்டும் வைக்கோலில் தீ வைக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும், பெட்டியை ஒட்டி பிளஸ் வயரில் 7.5 ஆம்பியர் பியூஸும் போடுங்கள். பைக், கார் உதிரிபாகக் கடைகளில் பியூஸ் கிடைக்கும்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும். அரித்த இணைப்பு சூடாகும். அங்கே கிளிப் வேண்டாம், சோல்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். குடிலுக்கு மின்சாரம் எடுக்கும் பிளக் பாயிண்ட் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விளக்கு போடுவதற்கு முன் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் தானாக அணைந்து விழவில்லை என்றால், அதை மாற்றிய பிறகே குடிலுக்கு இணைப்புக் கொடுங்கள்.