வேலை முக்கால் மணி நேரம், காத்திருப்பு மூன்று வாரம்

“எங்க ஆட்களுக்கு வேகம் பத்தாது சார், ஒரு டிரெய்னிங் வச்சுக் கொடுங்க.” நிறுவனங்களின் உள்வேலை முறைகளைச் சீர்செய்யப் போகும் இடங்களில் முதல் நாள் பெரும்பாலும் காதில் விழுவது இதுதான். டிரெய்னிங் பேச்சை அப்படியே வைத்துவிட்டு, போன மாதம் பணம் கொடுத்து முடித்த ஏதாவது ஒரு வென்டர் பில்லை எடுத்துத் தரச் சொல்வேன். அது உள்ளே வந்த தேதி, ஒவ்வொரு மேசைக்கும் போன தேதி, அங்கிருந்து கிளம்பிய தேதி, கடைசியில் வங்கியிலிருந்து பணம் போன தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுவோம். பக்கத்தில் இன்னொரு கட்டம்: அந்த மேசைக்காரர் அந்த பில்லுக்காக உண்மையில் செலவிட்ட நேரம்.

வழக்கமாக வரும் கணக்கு இப்படி இருக்கும். பதிவு செய்ய 5 நிமிடம். பர்ச்சேஸ் ஆர்டரோடும் ஸ்டோர்ஸ் கொடுத்த வரவுச் சீட்டோடும் ஒத்துப் பார்க்க 15 நிமிடம். துறைத் தலைவர் கையெழுத்துப் போட 2 நிமிடம். ஏதோ ஒரு இணைப்பு இல்லையென்று திரும்பிப் போய் வந்ததில் இன்னொரு 10. அப்புறம் நிதி மேலாளர், இயக்குநர், பேமெண்ட் போடுபவர். எல்லாம் கூட்டினாலும் முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. தேதிக் கட்டத்திலோ மூன்று வாரம் ஓடியிருக்கும்.

அத்தனை பேரையும் இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்ய வைத்தாலும் மிச்சமாவது இருபது நிமிடம்தான். மூன்று வாரம் மூன்று வாரமாகவே இருக்கும். இதைத் தாளில் பார்த்தபிறகு டிரெய்னிங் பேச்சு தானாக நின்றுவிடுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வேலை நகரும் பாதையைப் படமாக வரையும் முறையை, வேலை முறைகளை ஆராய்ந்த ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1921-லேயே அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார்கள். பின்னர் 1947-ல் அந்தச் சங்கம் அதற்கு ஐந்து குறிகளைத் தரப்படுத்தியது: செயல், நகர்த்தல், சரிபார்த்தல், தாமதம், இருப்பில் வைத்தல். ஐந்தில் பொருளை ஒரு படி முன்னே கொண்டு போவது முதல் குறி ஒன்றுதான். உங்கள் அலுவலகத்தின் ஏதாவது ஒரு வேலையை இந்தக் குறிகளால் வரைந்து பாருங்கள். பக்கம் முழுக்கத் தாமதக் குறியாகத்தான் இருக்கும்.

காத்திருப்பு எங்கிருந்து வருகிறது? சோம்பல் என்று சொல்வது எளிது. என் அனுபவத்தில் அது அபூர்வம். பெரும்பாலும் கணக்குதான் காரணம். 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. நடுவழியில் நிற்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடிந்து வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கும் என்பது கிடைத்துவிடும். 60 பில் நிலுவையில் இருந்து, நாளுக்கு 3 முடிகிறது என்றால் சராசரி 20 நாள். “அர்ஜென்ட்” என்று சிவப்பு மையில் எழுதினால் அந்த ஒன்று முன்னே போகும், அது தாண்டிப் போன மற்றவை கொஞ்சம் பின்னே போகும். அர்ஜென்ட் முத்திரை பெருகிய அலுவலகத்தில் சாதாரண வேலை எதுவுமே நகராது.

இரண்டாவது கணக்கு இதைவிடச் சங்கடமானது. வேலை சீராக வராமல் அவ்வப்போது வந்து விழும் ஒரு மேசை. ஒருவரே பார்க்கிறார். வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரிப்படி, அவர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால், ஒரு பைல் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் அதைப் பார்க்க ஆகும் நேரத்தைப்போல் 4 மடங்கு. 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 சதவீதம் என்றால் 19 மடங்கு. நிமிர நேரமில்லாமல் உழைக்கும் மேலாளரை நாம் பாராட்டுகிறோம். அவர் மேசையிலேயே எல்லா அப்ரூவலும் நிற்கிறது என்றால், அந்தப் பாராட்டுக்கான விலையை மொத்த நிறுவனமும் கொடுக்கிறது. ஒப்புதல் தரும் மேசையில் கொஞ்சம் ஓய்வு இருந்தே ஆக வேண்டும். முதலாளிகளிடம் இதைச் சொன்னால் முகம் மாறும், பரவாயில்லை.

இனி கையெழுத்துகள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. எப்போதோ ஒருவர் இரட்டை பில் போட்டார், அன்றிலிருந்து ஒரு கையெழுத்து. இன்னொரு வருடம் விலை ஏறிய ஆர்டர் ஒன்று கவனிக்காமல் போனது, அதற்காக இன்னொன்று. கதையில் வந்தவர்கள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள், கையெழுத்து மட்டும் போகாது. நாலு பேர் கையெழுத்திட்டால் நாலு மடங்கு பாதுகாப்பு என்று தோன்றும். நடப்பது வேறு. மேலே மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று முதல் ஆள் போடுகிறார். கீழே மூன்று பேர் பார்த்துத்தானே வந்திருக்கிறது என்று கடைசி ஆள் போடுகிறார்.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கடந்த ஒரு வருடத்தில் எத்தனையைத் திருப்பி அனுப்பினீர்கள், என்ன காரணத்துக்கு?” பதில் இல்லையென்றால் அந்தக் கையெழுத்து கட்டுப்பாடு என்ற பெயருக்குத் தகுதி இழந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, குறிப்பிட்ட தொகைக்குக் கீழே துறைத் தலைவரோடு முடித்துக்கொள்ளலாம், மாதம் ஒருமுறை சிலவற்றை மட்டும் எடுத்துத் துருவிப் பார்க்கலாம்.

ஆனால் வெட்டும் உற்சாகத்தில் வெட்டக்கூடாததும் சில உண்டு. புதிய வென்டரை சிஸ்டத்தில் சேர்ப்பவரும் அவருக்குப் பணம் அனுப்புபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்கு அனுப்புங்கள்” என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே பதிவில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து உறுதி செய்தாக வேண்டும். இந்த மோசடியில் பணம் இழந்த நிறுவனங்கள் உலகெங்கும் உண்டு. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் “ஒரு சாஃப்ட்வேர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பார். ஃபோர்டு கார் நிறுவனத்தின் கதையை 1990-ல் மைக்கேல் ஹாமர் என்ற மேலாண்மை அறிஞர் எழுதியிருக்கிறார். 1980-களில் அதன் வட அமெரிக்க பில் பட்டுவாடாப் பிரிவில் 500-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கணினிமயமாக்கினால் 20 சதவீதம் பேரைக் குறைக்கலாம் என்பது திட்டம். பிறகு ஜப்பானியக் கார் நிறுவனமான மஸ்தாவைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு 5 பேர். மஸ்தா சிறிய நிறுவனம்தான் என்றாலும் அந்த வித்தியாசத்தை அளவு மட்டும் விளக்கிவிடாது. ஃபோர்டில் பர்ச்சேஸ் ஆர்டர், வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போகாத இடங்களைத் தேடித் தீர்ப்பதிலேயே ஆட்களின் நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பில்லையே எடுத்துவிட்டார்கள். சரக்கு வந்ததும், ஆர்டரோடு ஒத்திருந்தால் வாங்கிக்கொண்டு பணம் அனுப்புவது, ஒத்திராவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்புவது. ஆட்கள் தேவை 75 சதவீதம் குறைந்தது. கணினி அங்கேயும் வந்தது, ஆனால் பாதையை மாற்றிய பிறகு.

பாதையை மாற்றாமல் ஆன்லைன் படிவம் மட்டும் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டிகளில் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சிஸ்டத்துக்கு வெளியே யாரோ ஒருவர் தனியாக ஓர் எக்செல் ஷீட் வைத்திருப்பார், உண்மையான நிலவரம் அதில்தான் இருக்கும். அந்த ஷீட்டைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அதை வைத்திருப்பவரைத் திட்டாதீர்கள், சிஸ்டம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். மீட்டிங் அறையில் கேட்டால் எஸ்ஓபியில், அதாவது வேலை எப்படி நடக்க வேண்டும் என்ற எழுத்து விதிமுறையில், எழுதியிருப்பதை ஒப்பிப்பார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு அரை நாள் உட்கார்ந்தால் நடப்பது தெரியும்.

திரும்பி வரும் வேலையைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. பத்துப் படிகள், ஒவ்வொன்றிலும் 95 சதவீதம் முதல் முறையே சரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கும் திரும்பாமல் கடைசி வரை போவது ஏறக்குறைய 60 சதவீதம்தான். திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும், அடுத்த மேசைக்கு என்ன வேண்டும் என்பது முந்தைய மேசைக்குத் தெரியாததுதான். இரண்டு பேரையும் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார வைத்தால் போதும். இதற்குக் கன்சல்டன்ட் தேவையே இல்லை.

அளவுகோலில் கவனம் வேண்டும். “முழு ஆவணம் வந்ததிலிருந்து இரண்டு நாளுக்குள்” என்று அக்கவுண்ட்ஸுக்கு இலக்கு வைத்த ஓர் இடத்தில், இரண்டாம் நாள் மாலை பில்கள் ஏதோ ஒரு குறையைச் சொல்லித் திரும்பிப் போக ஆரம்பித்தன. திரும்பி வந்தால் கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து ஓடுமல்லவா. ரிப்போர்ட் பச்சையாக இருந்தது, வென்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பில் உள்ளே வந்த தேதியிலிருந்து பணம் போன தேதி வரை ஒரே அளவாகப் பாருங்கள், அதற்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

ஆட்களின் பயத்தையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். மிச்சமாகும் நேரத்தால் யாருக்கு வேலை போகும் என்ற சந்தேகம் இருக்கும்வரை எவரும் தங்கள் எக்செல் ஷீட்டைக் காட்ட மாட்டார்கள். ஆட்குறைப்பு இல்லையென்றால் அதைத் தலைமை முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்னபடி நடக்க வேண்டும். முன்பு சொன்ன தாளைத் தலைமைக்கும் காட்டுங்கள். மிக நீண்ட காத்திருப்பு பல இடங்களில் மேலே உள்ள மேசையில்தான் இருக்கும். ஒப்புதல் அதிகாரத்தைக் கீழே பிரித்துக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லையென்றால் மற்ற மாற்றங்களால் பெரிய பலன் இராது.

எடுத்த கையெழுத்துகள் ஆறு மாதத்தில் வேறு பெயரில் திரும்பி வரும். ஏதாவது ஒரு தவறு நடக்கும், உடனே யாராவது “இனிமேல் எனக்கும் ஒரு காப்பி போடுங்கள்” என்பார். அதைத் தடுக்க முடியாது. ஆனால் புதிதாக எந்தச் சோதனையைச் சேர்த்தாலும், அது எதற்காக வந்தது, யார் கேட்டது, எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்ற மூன்றையும் அந்த விதிக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன். அந்தத் தேதி வரும்போது, அது பிடித்துக் கொடுத்த ஒரு தவறையாவது யாராலும் காட்ட முடியாவிட்டால், அன்றே எடுத்துவிடலாம்.