“சிரிஞ்ச் சரிதானே அக்கா?”: ஒரு கேள்வி ஏன் சுருக்கென்று தைக்கிறது

மருத்துவமனைகளில் செவிலியர்களுக்கு மனநல ஆலோசனை தருவதும் பயிற்சி வகுப்பு எடுப்பதும் என் வேலை. “வார்டுல ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகல, வந்து கொஞ்சம் பேசுங்க” என்றுதான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். போய் விசாரித்தால் பெரிய சண்டை எதுவும் இருக்காது. யாரோ ஒரு கேள்வி கேட்டிருப்பார். இன்னொருவர் அதற்கு வெடுக்கென்று பதில் சொல்லியிருப்பார். அதன்பிறகு இருவருக்கும் பேச்சு கிடையாது.

அப்படி ஒன்றை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். இரவு டூட்டி. மூத்த சிஸ்டர் ஒருவர் இன்சுலின் எடுத்துக்கொண்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த பெண் பக்கத்தில் நின்று, “அக்கா, இது 40 சிரிஞ்ச்தானே?” என்று கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின் குப்பியும் புழக்கத்தில் இருக்கிறது, 100 யூனிட்டும் இருக்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். எதிர்மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும், அது உயிருக்கே ஆபத்து.

அன்றைக்கு சிஸ்டர் கையில் இருந்தது சரியான சிரிஞ்ச். “ஆமாம்மா, சிவப்புதான்” என்று சொல்லியிருந்தால் மூன்று விநாடியில் முடிந்திருக்கும். அவர் சொன்னது: “நீ காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடியே நான் ஐசியூ பாத்தவ. எனக்கே நீ சொல்லித் தர்றியா?” அந்தப் பெண் அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்பதில்லை. இன்னொரு நாள் சந்தேகம் வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. நல்லவேளையாக அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பின்னால் சிஸ்டரிடம் தனியாகப் பேசினேன். கெட்டவர் இல்லை, வேலையில் கெட்டி. “அவ என்ன கேட்டா?” என்று நான் கேட்டதற்கு, “எனக்கு வேலை தெரியாதுன்னு சொன்னா” என்றார். அந்தப் பெண் அப்படிச் சொல்லவே இல்லை. ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் காதில் விழுந்ததற்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைத்தான் நான் எங்கே போனாலும் முதலில் தேடுகிறேன்.

ஒருவருடைய தன்மதிப்பு, ‘நான் தவறே செய்யாதவள்’ என்ற ஒற்றைக் காலில் நின்றால் சாதாரணச் சந்தேகம்கூட அதை ஆட்டிவிடும். வெளியே பார்க்க அவர் தைரியசாலியாக, குரல் உயர்ந்தவராக இருக்கலாம். அதை வைத்துத் தன்மதிப்பை அளக்க முடியாது. தன்மதிப்பை அளக்க, மோரிஸ் ரோசன்பெர்க் என்ற சமூகவியலாளர் 1965ல் உருவாக்கிய பத்து வாக்கிய அளவுகோலை நாங்கள் இன்னும் பயன்படுத்துகிறோம். நான் எவ்வளவு பெரிய ஆள் என்று அதில் கேள்வியே இல்லை. மற்றவர்களுக்குச் சமமாக எனக்கும் மதிப்பு உண்டு என்று ஒருவர் உணர்கிறாரா என்பதைத்தான் அது பார்க்கிறது.

குறைந்த தன்மதிப்புக்கு இன்னொரு முகம் உண்டு. அதை யாரும் புகாராகக் கொண்டுவர மாட்டார்கள். யார் நைட் டூட்டியை மாற்றிக் கேட்டாலும் “சரி” என்று சொல்பவர், தன் பண்டிகை லீவையும் விட்டுக்கொடுப்பவர். மேலிடத்துக்கு அவர் தங்கமான பிள்ளை. உள்ளுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் சம்பந்தமே இல்லாத ஒரு பேப்பர் கிளிப்புக்காக வெடிப்பார். எல்லோரும் திகைத்துப்போய் நிற்பார்கள். அந்த சிஸ்டரைப் போல வெடுக்கென்று பேசிவிடுபவரைவிட இவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

‘அப்போ தன்மதிப்பை ஏற்றிவிடலாமே, தினமும் கண்ணாடி முன்னால் நின்று நான் சிறந்தவள் என்று பத்துமுறை சொல்லச் சொல்லலாமே’ என்று சில நிர்வாகங்கள் கேட்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜோஆன் வுட் என்ற கனடா உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2009ல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் இப்படிப்பட்ட வாசகங்களைச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை மேலும் இறங்கியது. சொல்லும்போதே உள்ளே ஒரு குரல் ‘பொய்’ என்று சொல்லிவிடுகிறது போல.

அதனால் நான் வேறு வழியில் ஆரம்பிப்பேன். டூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போது, மனதைச் சுட்ட ஒரு பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போனில் எழுதச் சொல்வேன். அவர் உச்சரித்த வார்த்தைகள் என்ன, என் காதில் விழுந்த அர்த்தம் என்ன, உடம்பில் என்ன நடந்தது, நான் என்ன சொன்னேன். ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்’ என்ற பக்கமே போக வேண்டாம். அந்தக் கேள்வி பெரும்பாலும் தன்னைத் தானே திட்டிக்கொள்வதில்தான் முடியும். இன்சுலின் சிஸ்டர் எழுதிக்கொண்டு வந்ததில் ஒரு வரி: “காது சூடாச்சு, அப்புறம்தான் பேசினேன்.” அது போதும். காது சூடாவது தெரிந்துவிட்டால், பேசுவதற்கு முன் ஒரு மூச்சு விட இடம் கிடைக்கிறது. இப்போதும் அவருக்குக் கோபம் வருகிறது என்கிறார். ஆனால் “இரு, பாத்துச் சொல்றேன்” என்று சொல்லப் பழகியிருக்கிறார்.

நமக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிகிற பகுதி ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1955ல் வரைந்த ‘ஜோஹரி ஜன்னல்’ படத்தில் ஒரு கட்டம் முழுக்க இதற்குத்தான். அதைத் தெரிந்துகொள்ளக் கேட்டுத்தான் ஆக வேண்டும். “நான் எப்படிப்பட்டவ?” என்று கேட்டால் “நீங்க ரொம்ப நல்லவங்க அக்கா” என்றுதான் பதில் வரும். “எனக்கு டென்ஷன் ஏறினா நான் என்ன பண்றேன்?” என்று கேளுங்கள். “ட்ரேயை டப்புன்னு வைப்பீங்க” என்று உடனே சொல்வார்கள். கேட்டபிறகு விளக்கம் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்தமுறை உண்மை வராது.

வார்டு இன்சார்ஜ்களுக்கு ஓர் ஆய்வைப் பற்றிக் கட்டாயம் சொல்வேன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகளை ஆராய்ந்து 1996ல் வெளியிட்டார். நல்ல டீமில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல டீம்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பது அவர் கண்ட விளக்கம். ஷிஃப்ட் மாறும் ஹேண்டோவரில் இன்சார்ஜே, “இன்னைக்கு 12ஆம் பெட் டோஸை நான் தப்பாப் படிச்சேன், இவதான் கேட்டா” என்று ஒருமுறை சொன்னால் போதும், கேள்வி கேட்பது அந்த வார்டில் வழக்கமாகிவிடும். திருத்த வேண்டியிருந்தாலும் சிரிஞ்சைப் பற்றிப் பேசுங்கள். “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று ஆரம்பித்தால் அந்தப் பெண்ணின் காதில் சிரிஞ்ச் விழவே விழாது.

தூக்கமே வரவில்லை, வேலைக்குக் கிளம்பும்போதே அழுகை வருகிறது என்றால் எழுதிப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஒன்றை மட்டும் நிர்வாகங்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். ஆள் பற்றாக்குறையில் ஒரே நர்ஸ் ஒரு வார்டையே பார்க்கிறார், இரவு டூட்டி முடிந்ததும் பகலுக்கும் நிறுத்திவைக்கிறார்கள் என்றால் அங்கே எரிச்சலுக்குத் தன்மதிப்பு காரணம் இல்லை. அந்தப் பெண்களை உட்காரவைத்துச் சுயமுன்னேற்ற வகுப்பு எடுப்பது அநியாயம். அதனால் இப்போது அழைப்பு வந்தால், தேதி பேசுவதற்கு முன் கடந்த மாத டூட்டி ரோஸ்டரை அனுப்பச் சொல்கிறேன்.