முழுப் பணம் கையில் இருந்தால் வீட்டு விலை இறங்குமா?

ஆடி பாதி கடந்த ஒரு நாள், பெருந்துறைப் பக்கம் தறி ஓட்டும் ஒருவர் மனைவியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். ஈரோடு திண்டலில் ஒரு வீடு பார்த்திருந்தார்கள். சொன்ன விலை 64 லட்சம். தோட்டம் விற்ற பணம் வங்கிக் கணக்கில் இருந்தது. "லோன் எதுவும் வேண்டாமுங்க வக்கீலம்மா. முழுப் பணமும் ரெடி. நல்லா இறக்கிக் கேக்கலாமுங்களா?" என்றார்.

கேட்கலாம். ஆனால் எவ்வளவு இறங்கும் என்பதை உங்கள் பணம் தீர்மானிப்பதில்லை, விற்பவரின் அவசரம்தான் தீர்மானிக்கிறது. கடனில் வாங்குபவருக்காக வங்கியின் வக்கீல் பத்திரம் பார்க்க வேண்டும், மதிப்பீட்டாளர் வீட்டை அளக்க வேண்டும், அப்புறம்தான் கடன் ஒப்புதல். வாரக்கணக்கில் ஆகும், கடைசியில் கிடைக்காமலும் போகலாம். ஆவணியில் மகள் கல்யாணம் வைத்திருப்பவருக்கும், வெளியில் வாங்கிய கடனுக்கு மாதாமாதம் வட்டி கட்டுபவருக்கும் அந்தக் காத்திருப்பு பெரிய பாரம். அவர்களிடம் விலை இறங்கும். வாடகை வந்துகொண்டிருக்கிற, அவசரமே இல்லாத ஒருவருக்கு என்ன வித்தியாசம்? கடனில் வாங்கினாலும் கிரயத்தன்று அவர் கைக்கு முழுத் தொகையும் வந்துவிடுகிறதே. அதனால் முதல் நாளே புரோக்கரிடம் 'ரெடி கேஷ்' என்று சொல்லிவிடாதீர்கள். விற்பவர் ஏன் விற்கிறார் என்பதை முதலில் விசாரியுங்கள்.

ரொக்கக்காரரைத் தேடி வருகிற இன்னொரு வகை வீடும் உண்டு. வரைபட அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடி, அங்கீகாரம் பெறாத மனையில் கட்டிய வீடு என்று வங்கி கடன் தர மறுப்பவை. விலை மலிவாகத்தான் இருக்கும். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் முழுப் பணம் உள்ள ஒருவரைத்தான் தேட வேண்டியிருக்கும் என்பதை அந்த மலிவோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. கடன் வாங்குபவருக்கு வங்கியின் வக்கீல் ஒரு காவல். வங்கி தன் பணத்துக்குப் பயந்து பார்க்கிற பார்வையில் வாங்குபவரும் தப்பித்துக்கொள்கிறார். முழுப் பணம் உள்ளவருக்கு அந்தக் காவல் கிடையாது. "நாளைக்கே இன்னொரு பார்ட்டி டோக்கன் போடறாங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்தும்போது நிறுத்தி யோசிக்கச் சொல்லவும் ஆள் இல்லை. அந்தத் தம்பதியிடம், வங்கிக்காகப் பார்ப்பது போலவே பார்க்கிறேன் என்று சொல்லி, தாய்ப்பத்திரத்தையும் (வீடு முன்பு கைமாறி வந்த மூலப் பத்திரம்), 30 வருட வில்லங்கச் சான்றையும் (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டுவது), வாரிசுச் சான்றையும் கேட்டு வாங்கினேன்.

வில்லங்கத்தில் ஒன்றுமில்லை. பட்டா, வீட்டை விற்கிற அண்ணன், தம்பி இருவர் பெயரில் இருந்தது. ஆனால் வாரிசுச் சான்றில் நான்கு பேர். இரண்டு மகள்கள் உண்டு. "பொண்ணுகளுக்கு அப்பவே சீர் செஞ்சு அனுப்பியாச்சுங்க, அவங்களுக்குப் பங்கு இல்லைங்க" என்றார் அண்ணன். நம் பக்கம் இதை உண்மையென்றே நம்பிச் சொல்பவர்கள் அதிகம். வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்தது, உயில் இல்லை, அம்மா அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நான்கு பேருக்கும் சம பங்கு. சீர் எவ்வளவு செய்திருந்தாலும், மகள்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தராதவரை அவர்கள் பங்கு அப்படியே இருக்கும். பட்டாவில் பெயர் இல்லாததால் அது போய்விடாது. அவசரத்தில் இரண்டு பேர் கையெழுத்தோடு கிரயம் முடித்திருந்தால், பாகப்பிரிவினை வழக்கில் இந்தத் தறிக்காரரும் எதிர்வாதியாக நின்றிருப்பார்.

அடுத்து அண்ணன் தம்பி வைத்த யோசனை: வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) ஏற்ப 40 லட்சத்துக்குப் பத்திரம், மிச்சம் கையில் நோட்டாக. அதற்குச் சம்மதித்தால் விலையை 60 லட்சமாக்கித் தருகிறார்களாம். இதில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். மறைக்கிற 20 லட்சத்துக்கு மிச்சமாவது 1.8 லட்சம். சில வருடம் கழித்து வீட்டை விற்றால் நீங்கள் வாங்கிய விலை 40 லட்சம் என்றுதான் கணக்காகும். அந்த 20 லட்சமும் உங்கள் லாபமாகிவிடும், இன்றைய 12.5 சதவீத வரியில் 2.5 லட்சம் போகும். பேச்சு முறிந்தால் நோட்டாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கையில் ஒரு காகிதமும் இருக்காது. 2015 ஜூன் முதல் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே குற்றம். பிடிபட்டால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அது பணம் வாங்கியவர் தலையில் விழும். இதை அண்ணனிடம் சொன்ன பிறகு அவர் நோட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

அட்வான்ஸைக் காசோலையாகக் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். பதிவானால் வில்லங்கத்தில் ஏறும், அதே வீட்டை இன்னொருவரிடம் பேசி அட்வான்ஸ் வாங்குவது கடினம்.

கிரயத்தில் கையெழுத்துப் போட மகள்களில் மூத்தவர் உடனே சம்மதித்தார். இளையவர் தன் பங்கு தன் கணக்குக்கே வர வேண்டும் என்று உறுதியாக நின்றார். அது நியாயம்தான். ஐந்து வாரம் ஆனது. அண்ணனுக்கு வட்டிக் கடன் நெருக்கியதால், முழுத் தொகையும் பத்திரத்தில் எழுதியும் விலை 60 லட்சத்துக்கே இறங்கியது. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அதன்படி ஆளுக்கு 15,000 பிடித்து, 14.85 லட்சம் வீதம் நான்கு கணக்குக்கும் வங்கி வழியாகத் தனித்தனியே அனுப்பினார்கள். ஆவணி முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நான்கு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.