கல்ச்சரை டபுளாக்கினாலும் தயிர் உறையாது

இந்த மாதமும் ஒரு பால் பண்ணையிலிருந்து அதே புகார். டேங்க் தயிர் உறையவில்லை, கல்ச்சரை, அதாவது உறை ஊற்றும் பாக்டீரியாவை, டபுளாகப் போட்டும் பலனில்லை. பாலில் ஆண்டிபயாட்டிக் இல்லை, வெப்பநிலையும் சரி. அப்புறம் என்ன, பேஜ்தான். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். சாப்பிடுபவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே கல்ச்சரை மேலும் மேலும் ஊற்றுவது பேஜுக்குப் பந்தி பரிமாறுவதுதான்.

உடனே எல்லோரும் கேட்பது: "பேஜ் தாங்கும் கல்ச்சர்தானே சார் வாங்கினோம்?"

எந்த பேஜைத் தாங்கும்? அதை யாரும் கேட்பதில்லை. தயிர் பாக்டீரியாவுக்கு கிரிஸ்பர் என்றொரு தற்காப்பு உண்டு. முன்பு தாக்கிய பேஜின் டிஎன்ஏவிலிருந்து 30 எழுத்து அளவுக்கு ஒரு துண்டைச் சேமித்து வைத்திருக்கும். அதே வரிசை மறுபடி உள்ளே வந்தால் வெட்டிவிடும். 2007-ல் இதைச் சோதனையில் நிரூபித்ததே நம் தயிர் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸில்தான். ஆனால் அந்தத் துண்டிலோ அதை ஒட்டிய சில எழுத்துகளிலோ ஒரே ஒரு எழுத்து மாறினாலும் பேஜ் தப்பிவிடலாம். ஒரு டேங்கில் கோடி கோடியாகப் பெருகும்போது அப்படி ஒன்று மாறாமலா இருக்கும்? சில பேஜ்கள் வெட்டும் புரதத்தையே முடக்கும் புரதத்தைக் கையோடு தயாரிக்கின்றன. 2013-ல் சூடோமோனாஸ் பேஜ்களில் கண்டுபிடித்தார்கள், பிறகு தெர்மோஃபிலஸ் பேஜ்களிலும் கிடைத்தது. பாக்டீரியாவின் இன்னொரு தற்காப்பு, குறி இல்லாத அந்நிய டிஎன்ஏவை வெட்டும் நொதிகள். அவற்றை நம்பியும் பயனில்லை. பாக்டீரியா தன் டிஎன்ஏவுக்கு வைக்கும் மெத்தில் குறி தப்பித்தவறி ஒரு பேஜ் மேல் விழுந்துவிட்டால், அங்கே பிறக்கும் அதன் வாரிசுகளும் 'நம்மாள்' ஆகிவிடும்.

ஆக, பாக்கெட்டில் எழுதியிருக்கும் 'தாங்கும்' என்பது, அவர்கள் சோதித்த பேஜ்களுக்கு மட்டும். வீட்டு உறைமோர் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடிப்பதற்கு ஒரு காரணம், அதில் பல ரகங்கள் கலந்திருப்பது. ஒன்று செத்தால் இன்னொன்று உறைய வைக்கும். உங்கள் பாக்கெட்டில் இருப்பதோ இரண்டு மூன்று ரகம்.

கல்ச்சரைச் சுழற்சியில் மாற்றுங்கள். பிராண்டை மாற்றினால் போதாது, பழைய ரகத்தைத் தாக்கும் பேஜ்களுக்கு வசப்படாத ரகமா என்று சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். 72 டிகிரியில் 15 விநாடி காய்ச்சிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், பல பேஜ்கள் அதைத் தாண்டி வரும். தயிர்த் தண்ணீர் தெறித்த தரையைப் பெராசெட்டிக் அமிலம் போட்டுக் கழுவுங்கள். பன்னீர் பிரிவில் வேலை பார்த்தவர் அதே உடுப்பில் கல்ச்சர் அறைக்குள் வர வேண்டாம், தயவுசெய்து.

உறையாத அன்று டேங்கைக் கழுவும் முன் ஒரு பாட்டில் மாதிரி எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். எந்த ரகத்துக்கு மாறுவது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.