அடுப்பை அணைக்கும் முன்: அடால்ஃப் யுஸ்டும் சமைக்காத உணவும்

"சமைக்காத உணவுக்கு மாறிட்டேன். மாத்திரையை நிறுத்திடலாமா?" உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இப்படிக் கேட்கிறவர்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. கேட்காமலே நிறுத்திவிட்டு, பிறகு கை கால் மரத்துப்போய் வருகிறவர்களை நினைத்துத்தான் இந்தக் கட்டுரை.

பழமும் கொட்டையும் பச்சைக் காயும் மட்டும் உண்டு, மண்ணையும் நீரையும் மருந்தாக்கி வாழலாம் என்பதைப் பலர் நம் முன்னோர் சொன்னதாகவே நினைக்கிறார்கள். இன்று இயற்கை மருத்துவ முகாம்களில் பார்க்கும் மண் பட்டி, இடுப்புக் குளியல், பழ உணவு ஆகியவற்றில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. இடுப்புக் குளியலுக்கு லைப்ஸிக் நகரின் லூயிஸ் கூனே. மண்ணுக்கும் பச்சை உணவுக்கும் முக்கியமான பெயர் அடால்ஃப் யுஸ்ட்.

யுஸ்ட் 1859இல் பிறந்தவர். மருத்துவம் படிக்கவில்லை, புத்தக வணிகம் பழகியவர். இளம் வயதிலேயே நரம்புத் தளர்ச்சி அவரைப் படுத்தியது. வைத்தியங்கள் கைகொடுக்காததால் தானே இயற்கை முறைகளைச் சோதிக்கத் தொடங்கினார். 1896இல் 'இயற்கைக்குத் திரும்புங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதினார். அதே ஆண்டில் ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில், எக்கர் ஆற்றங்கரையில் 'யுங்போர்ன்' என்ற சிகிச்சை இல்லத்தைத் திறந்தார்.

அங்கே தங்குவதற்குக் காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும் சிறு மரக்குடில்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தோப்புகள். அவற்றில் உடையில்லாமல் வெயிலிலும் காற்றிலும் உலவலாம். செருப்பில்லாத நடை, வயிற்றில் ஈர மண் கட்டு, சாப்பாட்டுக்குப் பழங்களும் கொட்டைகளும். 1912 ஜூலையில் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா அங்கே வந்து தங்கினார். மற்றவர்கள் உடையின்றி உலவிய இடத்தில் அவர் மட்டும் நீச்சல் உடையைக் கழற்றவில்லையாம்.

யுஸ்ட் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் யுங்போர்னைத் திறந்த காலத்தை யோசித்துப் பாருங்கள். இன்சுலின் இல்லை, பெனிசிலின் இல்லை. நகரங்களில் ஆலைப் புகை, இருண்ட வீடுகள். அந்த நிலையில் வெளிச்சத்துக்கு வா, நட, பழம் சாப்பிடு, நன்றாகத் தூங்கு என்று ஒருவர் சொன்னது சிறிய விஷயம் இல்லை. நானும் இன்று பாதிப் பேருக்கு அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் அவர் மருந்தை ஒரேயடியாக ஒதுக்கினார். இயற்கையில் கிடைப்பதை அப்படியே உண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். அவர் இறந்தது 1936இல். நரம்புக்கும் ரத்தத்துக்கும் தேவையான வைட்டமின் பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1948இல். பழத்திலும் காயிலும் கொட்டையிலும் அந்தச் சத்து இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. நமக்குத் தெரியும். நாம் சாக்குச் சொல்ல முடியாது.

யுஸ்டின் புத்தகத்தைத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தி படித்தார். ஈர மண்ணைத் துணியில் பரப்பி இரவில் வயிற்றில் கட்டிக்கொண்டதையும், மலச்சிக்கல் குறைந்ததையும் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மண் சிகிச்சையை நம் நாட்டில் இவ்வளவு பேர் அறிந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே காந்தி 1929இல் சமைக்காத உணவை மட்டும் உண்டு பார்த்தார். உடல் தளர்ந்து, வயிற்றுக் கடுப்பும் வந்ததும் கைவிட்டார். அதை மறைக்காமல் தன் பத்திரிகையில் எழுதவும் செய்தார். முதல் கதையை முகாம்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். இரண்டாவதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, நீண்ட காலம் பச்சையாகவே சாப்பிட்டால் என்ன ஆகும்? ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நாட்டில் அப்படி வாழ்ந்தவர்களையே ஆராய்ந்தார்கள். 1999இல் வெளியான ஆய்வில் 500க்கும் மேற்பட்டோர் இருந்தனர். பலருக்கு எடை மிகக் குறைந்திருந்தது. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறியிருந்தது அல்லது நின்றே போயிருந்தது. 2005இல் வந்த இன்னொரு ஆய்வில் 201 பேரில் 38 சதவீதத்தினருக்கு பி12 குறைபாடு. நல்ல செய்தியும் இருந்தது: கெட்ட கொழுப்பு குறைவாக இருந்தது. ஆனால் நல்ல கொழுப்பும் குறைந்திருந்தது.

மாதவிடாய் நிற்பதை 'கழிவு வெளியேறிவிட்டது, உடல் சுத்தமாகிவிட்டது' என்று விளக்கும் பேச்சைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உடலுக்குப் போதுமான ஆற்றல் கிடைக்காதபோது மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடுகிறது. அப்படியே நீடித்தால் எலும்பு தேயும். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது சுத்தமாவது இல்லை, பட்டினி.

முளைகட்டிய பயறு பற்றியும் ஒரு வார்த்தை. முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகவும் ஏற்றவை. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. காரணம், வெந்தய முளைகள். அவற்றை வளர்த்த பண்ணை யுஸ்ட் பிறந்த லோயர் சாக்ஸனி மாநிலத்திலேயே இருந்தது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் முளைப்பயறை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். ராஜ்மாவைப் பச்சையாக ஊறவைத்துச் சாப்பிடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு, கொதிக்க வைத்தால்தான் அழியும். மரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான், பச்சையாக உண்டால் உடலில் சயனைடு உண்டாகும். நம் பாட்டிமார் இதையெல்லாம் வேகவைத்தது நாக்கு ருசிக்காக மட்டும் இல்லை.

இன்னும் கவலைப்பட வேண்டியது சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி. காய்கறிச் சாறு, வாழைத்தண்டுச் சாறு, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. ஆரோக்கியமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பு தவறும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் 'இயற்கைதானே' என்று தினமும் சாறு குடிப்பது உயிரோடு விளையாடுவது. முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினாலும் சில நாட்களுக்குள், சில நேரம் அதற்கும் முன்பே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரும். இரண்டாம் வகை நீரிழிவில் உணவை மாற்றி எடை குறைந்தால் மருந்தளவைக் குறைக்க முடியும், அது உண்மை. ஆனால் அதைக் குறைக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

அப்படியானால் பச்சையாக எதையும் சாப்பிட வேண்டாமா? தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒரு வேளை பழமும் கொட்டையும், மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரி, கேரட், வெங்காயம், மிச்சத்துக்குச் சமைத்த உணவு. தக்காளியையும் கேரட்டையும் சிறிது எண்ணெயில் வதக்கினால் அவற்றின் நிறமிச் சத்து உடலில் இன்னும் நன்றாகச் சேரும். யுஸ்ட் சொன்ன காலை வெயிலையும் நடையையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பல மாதங்களாக முழுக்கப் பச்சை உணவில் இருக்கிறீர்கள் என்றால், பி12, ஹீமோகுளோபின், உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூன்றையும் பரிசோதியுங்கள். கை காலில் எரிச்சலோ மரத்துப்போவதோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பி12 குறைபாட்டால் வரும் நரம்புச் சேதம் நாள்பட்டால் முழுதாகத் திரும்பாது. மூன்று மாதம் மாதவிடாய் வராத பெண்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.