குளோபல் கவர்னன்ஸ்: உலக ஆட்சியா, உலக ஆளுகையா?

போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. (முதல் ஏலம் செடி. இரண்டாவது ஏலம், போர்ச்சுகீசியர் விட்டுப்போன 'லெய்லாவோ'. இரண்டுக்கும் உறவு கிடையாது.) காயை உள்ளங்கையில் கொட்டி உருட்டுவார்கள், பச்சை மங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், எட்டு மில்லிமீட்டர் தேறுமா என்பார்கள். இப்போது இவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: மருந்து எவ்வளவு நிற்கிறது? அதாவது பூச்சிமருந்து எச்சம். பெரிய வாடிக்கையாளரான சவுதி அரேபியா எச்சத்தைக் காரணம் காட்டிச் சரக்கைத் திருப்பியதிலிருந்து, கம்பத்திலிருந்து ஜீப்பில் போய்த் தோட்டம் பார்க்கிற விவசாயிக்கும் இது தலைவலி.

அந்த அளவை யார் வைப்பது? தேனி கலெக்டர் இல்லை. தோட்டம் இருப்பது கேரளத்தில் என்றாலும் திருவனந்தபுரம் இல்லை. டெல்லி மட்டும்கூட இல்லை. ரோம், ஜெனீவா, ரியாத், டெல்லி எல்லாம் கைவைத்துத்தான் அந்த எண் உருவாகிறது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஆங்கிலத்தில் 'குளோபல் கவர்னன்ஸ்' என்று பெயர். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

சொல்லின் வேர் கிரேக்கம். 'கிபெர்னான்' என்றால் கப்பலைச் செலுத்துவது. லத்தீனில் அது 'குபெர்னாரே' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'சைபர்' என்று இன்று எதற்கெடுத்தாலும் முன்னால் ஒட்டுகிறோமே, அதற்கும் இதே வேர்தான். ஆக, கவர்னன்ஸ் செய்பவர் முதலில் அரசர் அல்ல, மீகாமன். ஆங்கிலத்தில் வெகுகாலம் கவர்ன்மென்ட், கவர்னன்ஸ் இரண்டையும் பெரிதாகப் பிரித்துப் பேசவில்லை. 1989-ல் உலக வங்கி ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிய அறிக்கையில் கவர்னன்ஸ் நெருக்கடி என்று எழுதிய பிறகுதான் அந்தச் சொல் தனியாக நடமாடத் தொடங்கியது. 1992-ல் சுவீடனின் இங்வார் கார்ல்சனும் கயானாவின் ஸ்ரீதத் ராம்பாலும் தலைமை தாங்கிய ஒரு ஆணையம் 'குளோபல்' என்ற அடைமொழியோடு அதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது.

பெயர் புதிது, வேலை பழையது. தந்திக்காக 1865-லும் தபாலுக்காக 1874-லும் நாடுகள் ஒன்றியம் அமைத்துக்கொண்டன. ஒரு நாட்டில் ஒட்டிய தபால்தலையை இன்னொரு நாடு மதிப்பது அப்படித்தான் வந்தது. அதற்காக யாரும் உலக அரசு ஒன்றை நிறுவவில்லை.

தமிழாக்கத்தில் வழுக்குகிற இடம் இதுதான். 'உலக ஆட்சி' என்று எழுதினால், எங்கோ ஒரு சிம்மாசனமும் அதன்மேல் ஒருவரும் இருப்பதாகப் படும். ஐ.நா.வை உலக அரசாங்கம் என்று நினைத்துக்கொண்டு, 'ஏன் போரை நிறுத்த மாட்டேன் என்கிறது?' என்று டீக்கடையில் கோபப்படுவது இந்தக் குழப்பத்தால்தான். ஐ.நா. சாசனத்தின் 2-ஆவது பிரிவே, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிட இந்த அமைப்புக்கு அதிகாரம் இல்லை என்கிறது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் பாதுகாப்பு மன்றத்துக்கு உண்டு. ஆனால் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளில் ஐந்துக்கு மட்டும் அங்கே வீட்டோ இருக்கிறது.

'உலக நிர்வாகம்' சப்பென்று இருக்கிறது. நிர்வாகம் என்றால் போட்ட விதியை நடத்துவது, விதி போடுவது அதில் வராது. 'ஆளுமை' கொஞ்சம் சிக்கல். இ-கவர்னன்ஸுக்குத் தமிழக அரசு 'மின் ஆளுமை' என்றே வைத்திருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேச்சு வழக்கில் ஆளுமை என்றால் ஒருவருடைய பர்சனாலிட்டி. 'உலக ஆளுமை' என்று தலைப்பிட்டால் வாசகர் மண்டேலா படத்தைத் தேடுவார். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் 'பரணம்' என்கிறார்கள். அது அரசாங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் சேர்த்தே புழங்குகிறது.

என் ஓட்டு 'ஆளுகை'க்கு. வருகை, செய்கை போல இதுவும் செயலைக் குறிக்கிறது, நாற்காலியைக் குறிக்கவில்லை. ஆட்சி மாறும், ஆட்சி கவிழும். ஆளுகை கவிழ்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. தவிர, தமிழில் 'ஆள்' என்ற வினைக்கு அதிகாரம் செய்வது மட்டும் பொருளல்ல. கையாள்வது, எடுத்தாள்வது, சொல்லாட்சி எல்லாவற்றிலும் இருப்பது பயன்படுத்துவது என்ற பொருள். பல கைகள் சேர்ந்து ஒரு காரியத்தைக் கையாள்வதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. எதிர்ப்பக்கத்தில் நிற்கும் 'இறையாண்மை'யிலும் அதே 'ஆள்'தான். இறை என்றால் அரசன், ஆண்மை என்றால் ஆளும் தன்மை.

சரி, யார் எதை ஆள்கிறார்கள்? மறுபடி ஏலக்காய்க்கே வருவோம். உணவுப் பொருட்களுக்கான பன்னாட்டுத் தரங்களை எழுதுவது கோடெக்ஸ் ஆணையம். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963-ல் தொடங்கியது, ரோமில் இருக்கிறது. நறுமணப் பொருட்களுக்கான அதன் குழுவை நடத்துவது இந்தியா, செயலகம் நம் ஸ்பைசஸ் போர்டு. 2024 தொடக்கத்தில் கொச்சியில் அந்தக் குழு கூடித்தான் சிறு ஏலக்காய்க்கும் மஞ்சளுக்கும் தரநிர்ணயத்தை முடித்து மேலே அனுப்பியது. பூச்சிமருந்து எச்சத்துக்கு வேறு குழு, அதை நடத்துவது சீனா. ஆக, 'பன்னாட்டு நிறுவனம்' என்று நாம் சொல்வதை உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நாடுகள்தான் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன.

கோடெக்ஸ் எழுதுவது சட்டமல்ல, பரிந்துரை. அதற்குப் பல் முளைத்தது 1995-ல், உலக வர்த்தக அமைப்பு வந்தபோது. கோடெக்ஸ் தரத்தைவிடக் கடுமையாக ஒரு நாடு விதி வைக்கலாம், ஆனால் அறிவியல் காரணம் காட்ட வேண்டும் என்று அதன் ஒப்பந்தம் சொல்கிறது. சவுதியின் அளவு அநியாயம் என்று பட்டால் இந்தியா ஜெனீவாவில் இருக்கும் அந்த அமைப்பிடம் முறையிடலாம். முறையிடலாம், அவ்வளவுதான். அங்கே மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை, புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததால். அப்புறம், துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் திருப்பி அனுப்புவதும் எப்போதும் அந்தந்த நாட்டு அதிகாரிதான். விதி ஊர்கூடி எழுதியது, கேட்டின் சாவி நாட்டிடம்.

இதில் மாநிலங்கள் எங்கே? பன்னாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற, மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்கிறது அரசமைப்பின் 253-ஆவது பிரிவு. வேளாண்மை மாநிலத்தின் பாடு, ஆனால் வேளாண் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது டெல்லி. குமுளி செக்போஸ்டின் இரு பக்கத்திலும் இந்த வருத்தம் ஒன்றுபோலவே இருக்கிறது.

நாடுகள் தங்கள் அதிகாரத்தைப் பன்னாட்டு அமைப்புகளிடம் பறிகொடுத்துவிட்டன என்று எழுதுவது ஒரு மோஸ்தர். எல்லா நாட்டுக்கும் அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டார், யாரும் தடுக்க முடியவில்லை. கடனைக் கட்ட முடியாமல் 2022-ல் கைவிரித்த இலங்கைக்கோ அந்த வசதி கிடையாது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியமான ஐ.எம்.எஃப். ஏறக்குறைய 300 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தபோது, வரி எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு என்பதும் நிபந்தனைகளோடு சேர்ந்தே வந்தது. 1991-ல் தங்கத்தை அடகு வைத்த இந்தியாவுக்கும் அது தெரியும். ஐ.எம்.எஃபில் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதாவது அது தலையசைக்காமல் அந்த முடிவுகள் நகராது. ஆளுகை பகிரப்படுகிறது என்பது உண்மை, சமமாகப் பகிரப்படுகிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

வேறு சில சொற்களையும் இதோடு பார்த்துக்கொள்ளலாம். 'குட் கவர்னன்ஸ்' இலங்கைத் தமிழில் 'நல்லாட்சி' என்றே நிலைத்துவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை. 'இன்டர்நேஷனல்' என்பதற்குப் 'பன்னாட்டு', 'குளோபல்' என்பதற்கு 'உலக' என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். உலக வங்கியிலும் ஐ.எம்.எஃபிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு 'கவர்னர்' உண்டு, நமக்கு அது நிதியமைச்சர். 'இந்தியாவின் கவர்னர் வாஷிங்டன் கூட்டத்தில் பேசினார்' என்று செய்தியில் வந்தால், கிண்டியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கும் மாநில ஆளுநர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.