கலப்பையைப் பிடித்திருக்கும் மூன்று தண்டுகள்

எந்த டிராக்டரையும் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மகிந்திராவோ, ஜான் டீரோ, குபோட்டாவோ, கீழே இடமும் வலமுமாக இரண்டு கைகள் இருக்கும், மேலே நடுவில் ஒரு தண்டு இருக்கும். அந்த மேல் தண்டுதான் டாப் லிங்க். கொக்கிக் கலப்பை, சட்டிக் கலப்பை, ரோட்டவேட்டர் எல்லாம் இந்த மூன்று இடங்களில்தான் மாட்டப்படுகின்றன. இதை உருவாக்கியவர் ஹாரி பெர்குசன். இன்றைய வட அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவரோடு கைகோத்த நிறுவனங்களும், அவரோடு போட்டி போட்ட நிறுவனங்களும் பெரும்பாலும் கைமாறிவிட்டன அல்லது கலைந்துவிட்டன. அவர் செய்த அமைப்பு மட்டும் உலகத்து வயல்களிலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய, அதற்கு முந்தைய டிராக்டரில் என்ன சிக்கல் என்று பார்க்க வேண்டும்.

1917இல் ஹென்றி போர்டு கொண்டுவந்த போர்ட்சன் டிராக்டர் அமெரிக்காவில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. 1922இல் அதன் விலை 395 டாலருக்கு இறங்கியது. அந்த விலைப் போரில் தாக்குப்பிடிக்க முடியாமல் ஜெனரல் மோட்டார்ஸ் டிராக்டர் தொழிலையே விட்டு விலகியது. ஆனால் போர்ட்சன் கலப்பையை இழுத்த விதம், மாடு வண்டியை இழுக்கும் விதம்தான். பின்னால் ஒரு கொக்கி, கொக்கியில் கலப்பை, அந்தக் கலப்பைக்குத் தனியாகச் சக்கரங்கள். கலப்பையின் எடை கலப்பையோடு நின்றுவிடும், டிராக்டருக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

இது ஏன் முக்கியம்? சக்கரம் மண்ணைப் பற்றி இழுக்கும் வலு, அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. எடை குறைந்தால் சக்கரம் வழுக்கும். அதற்காக டிராக்டரையே கனமாகச் செய்தால் எரிபொருள் வீணாகும், மண்ணும் இறுகிப்போகும்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருந்தது. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டு, பின் சக்கரமும் சுழலாமல் நின்றுவிட்டால், எஞ்சினின் முறுக்குவிசை வேறு வழி தேடும். சக்கரம் சுற்றாவிட்டால் வண்டியின் உடல் பின் அச்சைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். முன்பகுதி மேலே எழும்பி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். போர்ட்சனில் இப்படி உயிரிழந்தவர்கள் பலர்.

பெர்குசன் அடிப்படையில் மெக்கானிக். 1909 டிசம்பர் 31 அன்று தானே கட்டிய விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதலில் பறந்தவர் என்று பெயர் வாங்கியவர். முதல் உலகப் போர் நேரத்து உணவுத் தட்டுப்பாட்டில், 1917இல் அயர்லாந்து வேளாண் வாரியம் டிராக்டர்களின் செயல்திறனைக் கூட்டும் வேலையை அவரிடம் ஒப்படைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: டிராக்டரையும் கலப்பையையும் தனித்தனி ஆட்கள் தனித்தனியாக வடிவமைக்கிறார்கள், இரண்டும் ஒரே இயந்திரமாக இருக்க வேண்டும். அதற்குப் பின் இருபது வருடம் போல இந்த ஒரே யோசனையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சரி, இனி அந்த மூன்று தண்டுகளுக்கு வருவோம். கீழ்க் கைகள் இரண்டும் கலப்பையை இழுக்கின்றன. கலப்பையின் கொழு அந்தக் கைகளுக்குக் கீழே, மண்ணுக்குள் இருக்கிறது. மண் கொழுவைப் பின்னுக்குத் தள்ளும்போது, கலப்பை கீழ்க் கைகளின் முனைகளை மையமாக வைத்துத் திரும்ப முயலும். அடிப்பகுதி பின்னால் போனால் தலைப்பகுதி முன்னால் வர வேண்டும் அல்லவா? அந்தத் தலைப்பகுதியில்தான் டாப் லிங்க் மாட்டியிருக்கிறது. ஆக, கீழே இழுவை, மேலே தள்ளல். டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளுவதால், முன்பகுதி எழும்புவதை அது எதிர்க்கிறது. மேலே சொன்ன மரண ஆபத்து இந்த இடத்தில் வெகுவாகக் குறைகிறது. கலப்பைக்குச் சக்கரம் கிடையாது என்பதால், அதன் எடை, அதன் மேல் புரளும் மண்ணின் எடை, கொழுவை மண் கீழே இழுக்கும் விசை எல்லாம் பின் சக்கரங்களின் மேல் வந்து இறங்குகின்றன. ஒரு டன்னைச் சற்றே தாண்டும் சின்ன டிராக்டர், தன்னைவிட மிகக் கனமான வண்டியின் வேலையைச் செய்தது இப்படித்தான்.

இதற்கு மேலும் ஒரு படி போனார் பெர்குசன். என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான மேதைமை அதில்தான் இருக்கிறது. டாப் லிங்க் டிராக்டரோடு சேரும் இடத்தில் ஒரு கனமான ஸ்பிரிங் வைத்தார். மண் இறுகலாக இருந்தால் கலப்பைக்கு எதிர்ப்பு கூடும், டாப் லிங்க் ஸ்பிரிங்கை அதிகம் அழுத்தும். அந்த அசைவு ஹைட்ராலிக் வால்வைத் திறக்கும், எண்ணெய் பாய்ந்து கீழ்க் கைகளைக் கொஞ்சம் தூக்கும், கலப்பை சற்று மேலெழும், எதிர்ப்பு குறையும். மண் இளகியதும் ஸ்பிரிங் தளரும், கைகள் இறங்கும், கொழு மறுபடி ஆழம் போகும். ஏர் பிடிப்பவர் மேழியில் வைத்த கையால் மண்ணின் இறுக்கத்தை உணர்ந்து அழுத்தியும் தளர்த்தியும் போவாரே, அந்த வேலையை இங்கே ஸ்பிரிங்கும் வால்வும் எண்ணெயும் சேர்ந்து செய்கின்றன. மின்னணுச் சாதனம் எதுவும் இல்லாத காலத்தில், விளைவை அளந்து தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றை இரும்பிலும் எண்ணெயிலும் செய்திருக்கிறார். நம்மூர் டிராக்டர் விளம்பரங்களில் ஏடிடிசி (ஆழத்தையும் இழுவையையும் தானாகக் கட்டுப்படுத்தும் வசதி) என்று போட்டிருப்பது இதன் வாரிசுதான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கலப்பை மிகப் பெரிதானால், பின்னால் நீண்டு தொங்கும் எடை டாப் லிங்க்கைத் தள்ளுவதற்குப் பதிலாக இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் பெரிய டிராக்டர்களில் விசையை அளக்கும் இடம் கீழ்க் கைகளுக்கு மாறியது. இன்று அங்கே மின்னணு உணரிகள் இருக்கின்றன. தத்துவம் அதேதான்.

1936இல் இங்கிலாந்தின் டேவிட் பிரவுன் நிறுவனம் இந்த அமைப்போடு ஒரு டிராக்டரைத் தயாரித்தது. சுமார் 1,350 வண்டிகளோடு அது நின்றுபோனது. 1938 அக்டோபரில் பெர்குசன் தன் டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், டியர்போர்னில் ஹென்றி போர்டின் முன்னால் உழுது காட்டினார். இருவரும் அங்கேயே கைகுலுக்கினார்கள். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் எழுதவில்லை. அடுத்த வருடமே போர்டு 9என் வந்தது, விலை 585 டாலர். அதுவும் அதைத் தொடர்ந்த 2என்னும் சேர்ந்து சுமார் 3 லட்சம் விற்றன.

இரண்டு பேருக்கு நடுவே மட்டும் இருந்த வாக்கு, அதில் ஒருவர் விலகியதும் உடைந்தது. 1945இல் பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு பொறுப்புக்கு வந்தார், 1946இல் உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தார். 1947இல் அதே மூன்று தண்டுகளோடு போர்டு 8என் வெளிவந்தது. பெர்குசன் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குள் அவர் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி மூலம் தன் சொந்த டிஇ20 டிராக்டரைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார். 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் உருவான அந்தச் சாம்பல் நிற வண்டியில்தான் எட்மண்ட் ஹிலாரி குழு 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது. 1953இல் நிறுவனத்தைக் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைத்தார். மாஸி பெர்குசன் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

நாளடைவில் போட்டி நிறுவனங்கள் எல்லாமே மூன்று தண்டுகளுக்கு மாறின. விவசாயிக்கு இது பெரிய வரம். ஒரு கம்பெனி கலப்பையை இன்னொரு கம்பெனி டிராக்டரில் மாட்டலாம். நிறுவனங்களுக்கோ, பிறர் தர முடியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று சொல்ல வழியில்லாமல் போனது. அதற்குப் பின் விலை, கடன் வசதி, டீலர் வலைப்பின்னல் ஆகியவற்றில்தான் போட்டி.

அப்புறம் 1980கள் வந்தன. அமெரிக்காவில் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது, தானிய விலை சரிந்தது, கடனில் நிலம் வாங்கியிருந்த விவசாயிகள் டிராக்டர் வாங்குவதை நிறுத்தினார்கள். கடன் வாங்கி விரிந்திருந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பார்மால் டிராக்டரால் புகழ்பெற்ற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஏற்கெனவே 172 நாள் வேலைநிறுத்தத்தில் நொந்துபோயிருந்தது. தன் விவசாய இயந்திரப் பிரிவை 1985இல் கேஸ் டிராக்டர் நிறுவனத்தின் உரிமையாளரான டென்னகோவுக்கு விற்றது, அந்தப் பிரிவு கேஸோடு சேர்ந்தது. ஆலிஸ் சால்மர்ஸ் அதே வருடம் ஒரு ஜெர்மன் நிறுவனத்திடம் போனது. போர்டு தன் டிராக்டர் பிரிவை 1991இல் பியட்டுக்குக் கொடுத்தது. மாஸி பெர்குசனைக் கனடா அரசும் ஒண்டாரியோ மாகாண அரசும் தாங்கிப் பிடித்தும் பழைய நிலை திரும்பவில்லை. 1994இல் அதை அமெரிக்காவின் அக்கோ நிறுவனம் வாங்கியது. இவற்றில் எதுவும் மோசமான இயந்திரம் செய்ததால் வீழவில்லை. கணக்குப் புத்தகத்தில்தான் தோற்றன, அதனால்தான் அந்த வண்டிகள் இன்னும் பலரால் பழுது பார்த்து ஓட்டப்படுகின்றன.

அங்கே மறைந்த சில பெயர்கள் இந்தியாவில் பிழைத்துக்கொண்டன. மகிந்திரா டிராக்டர் தொழிலைத் தொடங்கியதே 1963இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்துதான். ஜெர்மனியின் ஐஷர் டிராக்டர் 1959இல் பரீதாபாத்தில் உருவாகத் தொடங்கியது. ஜெர்மனியில் அந்த உற்பத்தி நின்ற பிறகும் இங்கே ஐஷர் தொடர்ந்தது, 2005இல் அதைச் சென்னையின் டாஃபே டிராக்டர் நிறுவனம் வாங்கியது. டாஃபே 1960இல் பிறந்ததே மாஸி பெர்குசன் டிராக்டர் செய்வதற்காக. செம்பியம் ஆலையிலிருந்து வந்த அந்தச் சிவப்பு வண்டிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பழக்கமானவை. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று அக்கோவுக்கும் டாஃபேவுக்கும் நடுவே எழுந்த வழக்கு 2025இல் சமரசத்தில் முடிந்தது. இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய மூன்று நாடுகளிலும் மாஸி பெர்குசன் என்ற பெயர் இப்போது சென்னை நிறுவனத்துக்கே உரியது.